ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர்

லண்டன் மாநகரத்துக்குப் போய் வந்தவர்களை, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், அரண்மனையைச் சொல்வார்கள், பார்லிமெண்டு மண்டபத்தைச் சொல்வார்கள், நமது நாட்டுச் சிலைகளும் நகைகளும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கொலுவிருப்பதைப் பெருமூச்சுடன் சொல்வார்கள். நாம் அங்கே போயிருந்தபோது ஒரு நாளை ஒதுக்கி வைத்துக்கொண்டு பார்க்கப் போனதோ ஒரு கிராமம். சரியாகச் சொல்வதானால், ஒரு கிராமத்துக்குள் இருக்கும் இன்னொரு கிராமம். வெளியே உள்ளதற்கு லாங் விட்டன்ஹாம் என்று பெயர். உள்ளே உள்ளதற்குப் பெண்டன் பார்வா என்று பெயர். முன்னதில் நம்மைப் போன்ற மனிதர்கள் வசிக்கிறார்கள். பின்னதில் வசிப்பவர்கள் ஓர் அங்குல உயரம்கூட இல்லாதவர்கள். ஆனால் அவர்களுடைய ரயில் நேரம் தவறுவதில்லை.

பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அங்கிருந்து டிட்காட் 53 மைல். இந்தப் பாதையை அமைத்தவர் இஸம்பார்ட் பிரூனல் என்னும் புகழ்பெற்ற எஞ்சினீயர். மெய்டன்ஹெட் என்னும் ஊரில் தேம்ஸ் நதியின் மீது அவர் கட்டிய செங்கல் பாலத்தின் வழியாக இன்றும் ரயில் ஓடுகிறது. ஒவ்வொன்றும் 128 அடி அகலமுள்ள இரண்டே வளைவுகள். வளைவின் உயரமோ 24 அடிதான். இவ்வளவு தட்டையான செங்கல் வளைவு நிற்கவே நிற்காது என்று அந்தக் காலத்து நிபுணர்கள் பலர் ஜோசியம் சொன்னார்கள். அந்த நிபுணர்களின் பெயர்களெல்லாம் மறந்து போயின, பாலம் நிற்கிறது.

பிரூனல் இன்னொரு காரியமும் செய்தார். மற்ற ரயில்வேக்காரர்களில் பெரும்பாலோர் தண்டவாளங்களை 4 அடி எட்டரை அங்குல இடைவெளியில் போட்டுக் கொண்டிருக்கையில், அவர் மட்டும் 7 அடி கால் அங்குல இடைவெளியில் போட்டார். அகலமான பாதையில் வண்டி ஆடாமல் போகும், வேகமாகவும் போகும் என்பது அவர் வாதம். வாதம் சரியானதுதான். ஆனால் ஊரோடு ஒத்து வாழாதவன் கதி என்ன? 1846-ல் சட்டம் வந்தது. 1892-ம் வருஷம் மே மாதத்தில் கடைசி அகலப் பாதையும் குறுக்கப்பட்டது. டிட்காட் ஸ்டேஷனை ஒட்டி உள்ள ரயில்வே காட்சிசாலையில் இன்றைக்கும் அந்த அகலப் பாதையில் ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். பிரூனல் காலத்து எஞ்சின் ஒன்றைப் பார்த்துப் புதிதாகச் செய்த 'ஃபயர் ஃபிளை' என்னும் எஞ்சினையும் 2005-ல் முடித்து அதன் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். தண்டவாளத்தின் அகலத்தைப் பற்றி இத்தனை பேசுவானேன் என்று நேயர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும். நாம் பார்க்கப் போகும் ஓர் அங்குல மனிதர்களின் உலகத்திலும் இதே சண்டைதான் நடந்தது.

டிட்காட்டில் இறங்கி வாடகைக் கார் பிடித்தோம். இந்த ஊருக்கு அடையாளமாயிருந்த மின்சார நிலையத்தின் ஆறு பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்றை 2014-லும், மிச்சம் மூன்றை 2019-லும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய பொருள்கள் சில விநாடிகளில் மண்ணாய்ப் போய்விட்ட ஊரைக் கடந்து, ஒரு குடிசையின் கூரையைக்கூட அழியவிடமாட்டோம் என்று பிடிவாதம் செய்தவர்களின் இடத்துக்குச் சென்றோம். சில மைல் தூரம்தான். வயல்கள், வேலிகள், தூரத்தில் மரக்கூட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கும் விட்டன்ஹாம் குன்றுகள், பக்கத்தில் எங்கேயோ தேம்ஸ் நதி. காட்சிசாலை என்றதும் தூண்களையும் படிக்கட்டுகளையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றந்தான். சாதாரணமான கிராமத்துக் கட்டடம். நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். எல்லா நாட்களிலும் திறந்திருப்பதும் இல்லை. விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

*

இதை ஸ்தாபித்தவர் ராய் இங்கிலாண்டு என்பவர். பெயரில்தான் இங்கிலாந்து இருக்கிறது, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-ல் இளைஞராக இங்கிலாந்துக்கு வந்தார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் மீது அவருக்கு அளவு கடந்த மோகம். ஸ்விண்டன் நகரத்தில் இருந்த அந்த ரயில்வேயின் தொழிற்சாலைக்கு அருகில் வான்பரோ என்னும் கிராமத்தில் வந்து தங்கினார். ரயிலைப் பார்க்க வந்தவருடைய கண்ணில் கிராமம் பட்டது. வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். ஏறக்குறைய மூவாயிரம் வருஷங்களுக்கு முன்பு, அங்குள்ள குன்றின் சரிவில் யாரோ புல்லை வெட்டிச் சுண்ணாம்பு நிரப்பி ஒரு குதிரையின் உருவத்தை எழுதி வைத்தார்கள். அது இன்னும் இருக்கிறது. ஆனால் அதன் அடிவாரத்திலே, முந்நூறு வருஷமாக நின்ற வைக்கோல் கூரை வீடுகள் அவர் கண்ணெதிரிலேயே மாறிக்கொண்டிருந்தன. கூரையைப் பிரித்தெறிந்து புது மாதிரித் தகடுகளைப் போட்டார்கள். அழகான பழைய சுவர்களை இடித்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது கண்ணில் படவில்லை. தினமும் பார்க்கிற பொருள் யார் கண்ணிலும் படுவதில்லையே! கடல் கடந்து வந்த அந்நிய இளைஞருக்குத்தான் அது நெஞ்சில் தைத்தது.

அவர் என்ன செய்யக் கூடும்? வீடுகளை விலைக்கு வாங்கிக் காப்பாற்றப் பணம் இல்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். அவரோ அளவுகோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஒவ்வொரு வீடாக அளந்தார். ஜன்னலின் அகலம், கதவின் உயரம், புகைபோக்கியில் எத்தனை வரிசைச் செங்கல், எந்தச் செங்கல் எந்த நிறம் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டார். ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர் என்ற கணக்கில், அதாவது 76-ல் ஒரு பங்காக, அவற்றை அட்டையில் செய்தார். 1954-ல் லாங் விட்டன்ஹாமில் காட்சிசாலை தோன்றியது. 1995-ல் அவர் காலமாகும் வரையில் அதுவே அவருடைய வாழ்வாயிருந்தது.

பெண்டன் பார்வா என்று ஒரு ஊர் பூகோளப் படத்தில் கிடையாது. ஆனால் அந்த ஊரிலுள்ள வீடுகளெல்லாம் பள்ளத்தாக்கின் பல கிராமங்களில் உண்மையாகவே இருந்தவை. பெயர்த்து எடுத்து வந்து ஒரே இடத்தில் குடியேற்றியதுபோல் அமைத்திருக்கிறார்கள். காலம் 1930-ஐ ஒட்டியது. கூரைக்கு, குழாய் வேலைக்காரர்கள் உபயோகிக்கும் சணல் நாரைக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறார்கள். சுவர்களுக்கு நீர் வர்ணம். ஒவ்வொரு கல்லுக்கும் தனித் தனிச் சாயை. தோட்டத்தில் முட்டைக்கோஸ் வரிசையாக நிற்கிறது. அவரைக்கொடி கொம்பில் ஏறியிருக்கிறது. ஒரு வீட்டைச் செய்து முடிக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கிறதாம். நிஜ வீட்டை அதற்குள் கட்டிக் குடியேறியும் விடலாம்!

"இத்தனை சிரமமும் எதற்காக?" என்று நமக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் தன் தகப்பனாரைக் கேட்டான். அவர் விடை சொல்வதற்குள் தூரத்தில் ரயில் வந்துவிட்டது. சிறுவன் கேள்வியை மறந்தான். நாமும்தான் மறந்துவிட்டோம்.

*

டார்ட்மூர் என்னும் மேட்டு நிலக் காட்சி இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிச் செல்லும் மரப் பாலம். பிரூனல் காலத்து மரப் பாலங்களின் மாதிரி. அதன் மீது பச்சை நிற எஞ்சின் ஒன்று, செப்புத் தொப்பி அணிந்த புகைபோக்கியுடன், பழுப்பும் பாலேடும் கலந்த நிறமுள்ள பெட்டிகளை இழுத்துக்கொண்டு போயிற்று. பொம்மைக் கடைகளில் வட்டமிடும் ரயிலைப் போல அது பாய்ந்தோடவில்லை. நிதானமாக, பாரம் இழுப்பது போலப் போயிற்று. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் ரயிலை 76-ல் ஒரு பங்காக்கினால், விநாடிக்கு 35 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். நமது குழந்தைகள் விசையைத் திருகிவிட்டு ஓட விடும் வேகம், இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆகாய விமானத்தின் வேகமாக இருக்கும்!

வேகத்தைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது. இங்கேதான் மாதிரி எஞ்சின் செய்கிறவனுக்கு இயற்கையோடு வழக்கு ஆரம்பமாகிறது. நீளத்தை 76-ல் ஒரு பங்காக்கினால், எடை 76-ல் ஒரு பங்காவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை சுமார் 4,40,000-ல் ஒரு பங்காகிவிடுகிறது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 'கிங்' வகுப்பு எஞ்சின்கள் பெயருக்கேற்ற ராஜாக்கள்; நிலக்கரித் தொட்டி வண்டியை விட்டுவிட்டே 89 டன் எடை. அதன் மாதிரியோ, கணக்குப்படி செய்தால் 200 கிராம். ஒரு பெரிய மாம்பழத்தின் எடை! 89 டன் எஞ்சின் தண்டவாளத்தின் மேடு பள்ளங்களை அமுக்கிக்கொண்டு போகும். 200 கிராம் எஞ்சின் ஒரு தூசியின் மேல் ஏறினாலும் துள்ளும். ஆகையால் உள்ளே கிடைக்கிற சந்து பொந்துகளிலெல்லாம் ஈயத்தை அடைக்கிறார்கள். சக்கரங்கள் மேலும் கீழும் சிறிது அசைந்து கொடுக்கும்படி அச்சுகளை அமைக்கிறார்கள். நம் வீட்டு முக்காலி எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாமல் நிற்கிறதல்லவா? நாற்காலிதான் ஆடும். எஞ்சினையும் மூன்று இடத்தில் தாங்கும்படி செய்துவிட்டால் எல்லாச் சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக் கொண்டிருக்கும். மின்சாரம் அந்தத் தண்டவாளத்தின் வழியாகத்தானே வரவேண்டும்! ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் ராஜா நடுவழியில் நின்று போவார்.

இங்கே ஓடும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் கை வில்லியம்ஸ் என்பவர். பித்தளைத் தகட்டையும் ஜெர்மன் வெள்ளித் தகட்டையும் நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, பற்றவைத்துச் செய்தவை. சக்கரங்களை ஒன்றோடொன்று பூட்டும் இணைப்புத் தண்டுகள்தான் கண்ணுக்கு இனியவை. செய்பவனுக்கோ அவையே எமன். ஒரு பக்கத்துச் சக்கரத்தின் முளை மேலே நிற்கும்போது மறு பக்கத்து முளை கால் வட்டம் விலகி நிற்க வேண்டும். ஒவ்வொரு அச்சிலும் அந்தக் கால் வட்டம் ஒரே மாதிரியாயிருக்க வேண்டும். தலைமயிரளவு பிசகினாலும் எஞ்சின் நொண்டும். நொண்டினால் மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.

எல்லோரும் தகட்டிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் அல்ல. கடையில் விற்கும் எஞ்சினை வாங்கி, அதைத் திருத்தித் திருத்தி உண்மைக்குக் கிட்டக் கொண்டு வருபவர்களே அதிகம். உடலோடு சேர்ந்து வார்த்திருக்கும் கைப்பிடிக் கம்பியைச் செதுக்கி எறிந்துவிட்டு, மெல்லிய கம்பியில் புதிதாகப் பொருத்துவார்கள். தடித்த விளிம்புள்ள சக்கரத்தைக் கழற்றிவிட்டு மெல்லிய விளிம்புள்ளதை மாட்டுவார்கள். தொட்டியிலுள்ள பிளாஸ்டிக் கரியைப் பெயர்த்துவிட்டு, நிஜ நிலக்கரியைப் பொடித்து ஒட்டுவார்கள். பளபளக்கும் வர்ணத்தின் மேல் புகையும் துருவும் எண்ணெய்க் கசிவும் எழுதுவார்கள். புது எஞ்சினைப் பழையதாக்குவதற்கு இத்தனை பாடுபடுகிறவர்களை வேறெங்கே காணலாம்! நமது கல்யாண வீடுகளில் பழைய பாத்திரத்தைப் புதியதாக்கத்தான் பாடுபடுகிறார்கள்.

*

ஆனால் இந்தத் திருத்த வேலையெல்லாம் ஒரு பெரிய பொய்யின் மேல் நடப்பதாகச் சிலருக்குத் தோன்றிற்று. அந்தக் கதையை நமக்குச் சொன்னவர், காட்சிக்குக் காவலாக நின்ற ஒரு முதியவர். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு புன்னகை செய்துவிட்டு, பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு உருக்கு அளவுகோலை எடுப்பது அவர் வழக்கமாயிருந்தது.

கதை இதுதான். 1922-ல் ஜெர்மனியிலுள்ள நியூரம்பர்க் நகரத்துப் பிங் என்னும் பொம்மைக் கம்பெனி, இங்கிலாந்தின் பாஸட் லோக் கம்பெனிக்காக, மேஜை மீது ஓடக்கூடிய சிறிய ரயிலைச் செய்தது. அந்த வழியில் வந்த பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர் என்று நிலைத்தது. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் அந்த அகலம் மிகவும் சரி. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டன. ஆனால் இங்கிலாந்தின் எஞ்சின்கள் இயல்பிலேயே ஒல்லியானவை. அந்தக் காலத்து மின்சார மோட்டாரோ பருமன். மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் செய்த எஞ்சினுக்குள் மோட்டார் நுழைய மறுத்தது. அதற்கு அவர்கள் செய்த உபாயம் வேடிக்கையானது. எஞ்சினை மட்டும் ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டராகப் பெருக்கிவிட்டு, பாதையைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டார்கள்! 1938-ல் வந்து வீடுதோறும் புகுந்த ஹார்ன்பி கம்பெனியின் ரயிலும் அப்படித்தான். இன்றைக்கும் இங்கிலாந்துக் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி அப்படித்தான்.

"விளைவு என்ன தெரியுமா?" என்று முதியவர் அளவுகோலை நீட்டினார். "அந்தக் கணக்குப்படி பார்த்தால் பாதையின் அகலம் 4 அடி ஒன்றரை அங்குலம். இருக்க வேண்டியதோ 4 அடி எட்டரை. ஏழு அங்குலத்தைக் களவு கொடுத்துவிட்டோம். எதிரே நின்று பார்த்தால் எஞ்சின், இறுகிய கால்சட்டை போட்ட பருத்த மனிதனைப் போல் இருக்கும்."

இதைப் பொறுக்க முடியாதவர்கள் பாதையை 18 மில்லிமீட்டராக்கினார்கள். 1955-ல் அவர்கள் ஒரு சங்கமும் கண்டார்கள். பெண்டனில் உள்ள பாதையும் 18 மில்லிமீட்டர்தான். ஆனால் அதுவும் 4 அடி 6 அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. 1960-களில் இன்னும் கண்டிப்பான ஒரு கூட்டம் கிளம்பியது. 18.83 மில்லிமீட்டர் என்பதே சத்தியம். சக்கரத்தின் விளிம்பும் தண்டவாளத்தின் இடைவெளியும் எல்லாமே உண்மையில் 76-ல் ஒரு பங்காயிருக்க வேண்டும் என்று அவர்கள் விதி செய்தார்கள். சாதாரணக் கடையில் அதற்குக் கிடைப்பது மிகவும் குறைவு. பெரும்பாலும் கைவேலை. அந்தக் கைவேலை எவ்வளவு என்று கணக்குப் பார்த்தோம். அந்தக் காலத்து இங்கிலீஷ் பாதையில் ஒரு மைலுக்கு 2,112 சிலீப்பர் கட்டைகள். மாதிரியில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். கட்டை ஒவ்வொன்றும் 34 மில்லிமீட்டர் நீளம். கட்டைக்கு இரண்டாகத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் கவ்விகள் 4,224. ஒருவன் தினமும் நூறு கவ்வி வைத்தாலும் ஆறு வாரத்துக்கு ஒரு மைல்!

"அப்படியானால் உங்கள் பாதையிலும் கொஞ்சம் பொய் இருக்கிறது" என்றோம்.

"ஆம் ஐயா, 0.83 மில்லிமீட்டர்" என்றார் அவர், சிறிதும் கூசாமல். "நாங்கள் ஆரம்பித்த காலத்தில் அந்தப் புதிய விதி பிறக்கவில்லை. இப்போது மாற்றுவதென்றால் அத்தனை எஞ்சினையும் அத்தனை பெட்டியையும் கழற்ற வேண்டும். பிரூனலுக்கு என்ன நேர்ந்ததோ அதுதான் எங்களுக்கும். போட்ட பாதையே எஜமானனாகிவிடுகிறது."

இவ்வளவு கேட்ட பிறகு, 16.5 மில்லிமீட்டர்க்காரர்கள் எல்லோரும் பாமரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே காட்சிசாலையில் ஜான் ஆஹர்ன் என்பவர் 1930-களிலிருந்து செய்துவந்த மேடர் பள்ளத்தாக்கு ரயில்வே இருக்கிறது. 1961-ல் அவர் காலமானார். அவருடைய பாதை அந்தக் குறுகிய பாதைதான். ஊர்களும் எஞ்சின்களும் அவருடைய சொந்தக் கற்பனை. ஆனால் மற்றவர்கள் வெறும் பலகையின் மேல் ரயிலை ஓட்டிக் கொண்டிருந்த காலத்தில், ரயில் என்றால் அதற்கு ஒரு துறைமுகம் வேண்டும், கடைத் தெரு வேண்டும், வளைந்து போகும் சந்து வேண்டும் என்று கண்டவர் அவர். அதைப் பார்க்கும்போது தண்டவாளத்தின் அகலம் நினைவுக்கே வரவில்லை. நமக்கு அதிகம் பிடித்தது எது என்று கேட்டால், வெட்கத்துடன் ஆஹர்னின் ஊரையே சொல்வோம். அதிகமாக நம்மை உறுத்தியது எது என்று கேட்டால், அது பெண்டன்.

*

உறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. புறப்படும் சமயத்தில் அந்த முதியவர், "உங்கள் நாட்டில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் என்ன அகலம் வைத்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார்.

நாம் மனக்கணக்குப் போட்டோம். நமது பிராட் கேஜ் ஐந்தரை அடி. ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர் என்றால் 22 மில்லிமீட்டர். ஒரு பின்னம்கூட இல்லாத அழகான எண். மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இந்த அகலத்துக்குச் சக்கரமும் தண்டவாளமும் எங்கே விற்கிறது? இந்திய எஞ்சினைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சீமைக் கடையிலுள்ள 16.5 மில்லிமீட்டர்ப் பாதையின் மேல்தான் ஓட விடுகிறார்கள். இங்கிலாந்தின் எஞ்சின் அதில் ஏழு அங்குலத்தை இழந்தது என்றால், நமது எஞ்சின் ஓர் அடிக்கு மேல் இழக்கிறது. உலகத்தில் அகலமான பாதைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் பொம்மையாக்கும்போது மட்டும் அந்நிய அளவுக்குள் மடக்கி வைக்கிறோம்!

"மீட்டர் கேஜும் இருந்தது" என்றோம். 1870-ல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக ஏற்பட்ட அகலம் அது. தென்னாட்டில் நம்மில் பலர் பிறந்து வளர்ந்ததே அந்தப் பாதையின் ஓரத்தில்தான். நாலு மில்லிமீட்டர் கணக்கில் அது 13 மில்லிமீட்டர். கட்டைகள் 24 மில்லிமீட்டர் நீளம். 1992-ல் எல்லாப் பாதைகளையும் ஒரே அகலமாக்கும் திட்டம் வந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் 1931 முதல் ஓடிவந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ம் வருஷம் ஜூலை முதல் தேதியோடு நின்றது. பாம்பன் பாலத்தின் மீது 2007 முதல் அகல ரயில் ஓடியது. 2025-ல் அதற்குப் பக்கத்தில் புதுப் பாலமே திறந்துவிட்டார்கள். ஜாம்ஷெட்பூர் டாட்டா தொழிற்சாலையில் நமது தொழிலாளிகள் செய்த 'ஒய். பி.' எஞ்சின்கள், வெள்ளைக்காரன் செய்து அனுப்பியவை அல்ல என்று நாம் பெருமையுடன் ஏறிச் சென்றவை, இன்று காட்சிப் பொருள்களாகிவிட்டன. இதில் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அகலப் பாதையில் சௌகரியமாக உறங்கிக்கொண்டு சென்னைக்கு வருகிற நாம் குறை சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு.

முதியவருக்கு இதெல்லாம் மிகுந்த சுவாரஸ்யமாயிருந்தது. "உங்கள் ஊர் ஸ்டேஷன் எப்படி இருக்கும்?" என்றார். நாம் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினோம். நாட்டு ஓடு வேய்ந்த சிறு கட்டடம், வேப்பமரம், அதனடியில் மரப் பெஞ்சு, தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கும் மணி, சுண்ணாம்பு பூசிய கல் விளிம்புள்ள பிளாட்பாரம்...

"பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து எத்தனை அங்குல உயரம்?"

நாம் வாயை மூடிக்கொண்டோம். எத்தனையோ முறை அதில் ஏறி இறங்கியிருக்கிறோம். விடுமுறைக்கு வந்த தங்கையைக் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறோம். தகப்பனாரின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறோம். அங்குலம் தெரியவில்லை. அளவுகோல் மெதுவாக அவருடைய சட்டைப் பைக்குள் திரும்பிப் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

*

ஊருக்குத் திரும்பிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையற்காரரிடம் இரவல் வாங்கிய டேப்பும் ஒரு நோட்டுப் புத்தகமுமாக அந்த ஸ்டேஷனுக்குப் போனோம். பாதை அகலமாகிவிட்டது. கட்டடம் சிமெண்டுக் கட்டடம். பிளாட்பாரத்தை நீளமாகவும் உயரமாகவும் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பழையது அதற்குள்ளே புதைந்துவிட்டது. வேப்பமரம் இல்லை. ஆனால் வேலிக்கால்களாகப் பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத் துண்டுகள் நட்டிருந்தன. துருவைத் தேய்த்துவிட்டு ஒன்றை அளந்தோம். அடியிலிருந்து தலை வரையில் நாலரை அங்குலம். நோட்டில், 'தண்டவாளம், 1.5 மில்லிமீட்டர்' என்று எழுதிக்கொண்டோம்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து வந்தார். கேங்மேனாக முப்பது வருஷம் இதே பாதையில் வேலை பார்த்தவர் என்று பேச்சில் தெரிந்தது. நாம் ஏதோ சர்க்கார் சர்வே செய்வதாக நினைத்துக்கொண்டார் போலும். "இன்னொரு லயன் வருதுங்களா?" என்றார். இல்லையென்று சொல்லி, விஷயத்தை விளக்கினோம். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பொம்மை ரயில் என்றதும் சிரித்தார்.

"பெரியவரே, பழைய பிளாட்பாரம் எவ்வளவு உசரம் இருக்கும்? நினைவிருக்கிறதா?"

"அங்குலமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. தண்டவாளத்து மேலே காலை வச்சு நின்னா, இதோ, முட்டிக்கு நாலு விரல் கீழே வரும். தெனம் சாந்துக் கூடையை அந்தக் கல்லு மேலேதானே எறக்கி வைப்பேன்!"

வேட்டியைச் சற்று உயர்த்திக்கொண்டு அவர் நேராக நின்றார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மண்டியிட்டு அவர் காலில் டேப்பை வைத்துப் பிடித்தோம். அவருடைய நாலு விரலை முழங்காலுக்குக் கீழே வைக்கச் சொல்லி, அதன் அடியில் நகத்தால் ஓர் அடையாளம் செய்தோம்.

பதினைந்து அங்குலம். நோட்டில், 'பிளாட்பாரம், 5 மில்லிமீட்டர்' என்று எழுதினோம். "பெஞ்சு எவ்வளவு நீளம்னும் சொல்லட்டுங்களா?" என்று கிழவர் கேட்டார். "நாலு பேரு படுக்க முடியாது, மூணு பேரு உக்காந்து தூங்கலாம்." அதையும் எழுதிக்கொண்டோம்.